வெறும் எடை

பதினோரு அத்தியாயம் முடிந்தும்
அது இன்னும் வரவில்லை.
"எப்பத்தான் வரும் ஒன் பூதம்?"
என்று கேட்கிறான் குணசீலன்,
லோரிக் கதவில் முழங்கை தொங்க.
உலு செராய் ஆலையின் எடைமேடைக்கு
என் கதையின் ஒரே வாசகன்
வாரம் ஆறு ராத்திரி
செம்பனைக் குலையோடு வருகிறான்.
கெட்டுப்போன எடைச்சீட்டுகளின் முதுகில்
நான் எழுதிவைத்திருப்பேன்.

முதல் தடவை அவசரப்பட்டேன்.
முதல் பக்கத்திலேயே பல், நகம்,
தீக்கங்காய் இரண்டு கண்,
கூரை இடிக்கிற உயரம்.
படித்துவிட்டு அவன் கேட்டது:
"இதுக்குச் சாப்பாடு யாரு போடுறது?"
அந்தத் தாளில்
கச்சாங் பூத்தே மடித்துத் தின்றோம்.

பிறகுதான் பிடிபட்டது,
பூதத்தைக் கூட்டக் கூடாது.
ஊரிலிருந்து ஒவ்வொன்றாய்க்
கழிக்க வேண்டும்.

நாலாம் அத்தியாயத்தில்
எலிக்காகத் தோட்டத்தில் வைத்த
ஆந்தைப் பெட்டிகளைக் காலியாக்கினேன்.
அதுவல்ல பயம்.
ஆந்தை போனால் எலி கொழுக்க வேண்டுமே,
ஐந்தில் எலியும் இல்லை.
சிந்திய பழம் சிந்தியபடி கிடக்கிறது
ஒரு பல் படாமல்.

முதலில் பார்ப்பவன்
யாரும் நம்பாத ஆளாக இருக்க வேண்டும்:
சம்சுவில் மிதக்கும் சின்னராசு.
ஊர் சிரிக்க வேண்டும், வயிறு குலுங்க.
அந்தச் சிரிப்பு நான் கொடுக்கும் கடன்,
பின்னால் வட்டியோடு வாங்குவேன்.
அடுத்தவர் மண்டோர் வேதமுத்து,
எதற்கும் பதறாத மனிதர்.
அவர் கண்ணில் நான் எதையும் காட்டவில்லை.
காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுகிறவர்
பதினாலாம் நிரைக்கு மட்டும்
யாரையும் அனுப்பாமல்
புத்தகத்தை மூடுகிறார்.
ஏன் என்று எவரும் கேட்பதில்லை.
அவ்வளவுதான் அந்த அத்தியாயம்.

பெயரும் வைக்கவில்லை.
வைத்தால் கூப்பிடலாம், கூப்பிட்டால் வந்துவிடும்,
வந்துவிட்டால் ஓர் அளவுக்குள் அடங்கிவிடும்.
"அந்தப் பக்கம்" என்று மட்டும் சொல்கிறார்கள்
என் லயத்துப் பெண்கள்.
அந்தப் பக்கத்துக் கொடியில்
துணி போடுவதை நிறுத்திவிட்டார்கள்.
கொடியை அவிழ்க்கவும் யாரும் போகவில்லை.

வங்காளதேசத்து ரஃபிகுலுக்கு
மலாயில் சொல்லிப் பார்த்தேன்.
பாதிதான் புரிந்தது.
அன்று வேலை முடிந்ததும்
அரிவாளைக் கம்பிலிருந்து கழற்றித்
தலையணைக்கடியில் வைத்தானாம்.
பாதி போதும்.

நேற்று எழுதியது வாசனையைப் பற்றி.
வெந்த குலையின் புளித்த நெடி
பிறந்ததிலிருந்து மூக்கில் குடியிருப்பதால்
எங்களுக்கு அதுதான் காற்று.
கதையில் ஒரு ராத்திரி அது நிற்கிறது.
ஆலை ஓடுகிறது, புகை போகிறது,
நெடி இல்லை.
குழந்தைகள் தூக்கத்தில் மூக்கைத் தேய்க்கிறார்கள்.
இதைப் படித்தபோது குணசீலன்
நையாண்டி ஒன்றும் பண்ணவில்லை.
தே ஓ ஆறிப்போனது.

இன்று மூன்று பத்துக்குக்
குலையைக் கொட்டிவிட்டு மேடை ஏறினான்.
மூன்று வருஷமாய் அவன் வெறும் லோரி
எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோ,
டீசலுக்கு முன்னே பின்னே பத்து இருபது.
இன்று சிவப்பு எண்கள்
ஒன்பதாயிரத்து இருபதில் நின்றன.

"சேறு ஒட்டியிருக்கும்" என்றான்.
மழை பெய்து ஒன்பது நாள்.
"எறங்கி மறுபடி ஏத்து" என்றேன்.
ஏற்றினான்.
ஒன்பதாயிரத்து முப்பது.
"மேடைக்கு வயசாச்சு, விடு" என்று சிரித்தான்.
சிரிப்பைக் குறித்துக்கொண்டேன்.

சீட்டில் வழக்கமான எண்ணைத்தான் அடித்தேன்.
மீதித் தொண்ணூறு கிலோவுக்கு
அதில் கட்டம் இல்லை.

ஏர்கோன் செத்து இரண்டு வருஷமாகிறது,
அடைமழையிலும் கண்ணாடியை
இறக்கியே ஓட்டுகிறவன்
கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி
அதை முழுசாக ஏற்றிவிட்டுத்தான்
கியரைப் போட்டான்.